அழித்தாலும் அழியாத பெயர்கள்
கரிசல் காட்டு நூல்களும் ஸ்காட்லாந்து நூல்களும்: ஓர் ஒப்பு நோக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் கணினி, சூரிய சக்தி, சாலைப் பாதுகாப்பு என்றுதான் பெரும்பாலும் எழுதுவோம். நான் எடுத்துக்கொண்ட பொருள் கதைப் புத்தகம். "டிப்ளமோ படிக்கிறவனுக்குக் கதைப் புத்தகம் எதுக்குடா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். நம்முடைய காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மண்ணைப் பற்றி நல்ல நூல்கள் பல உள்ளன. வெகுதூரத்தில் குளிர் தேசமான ஸ்காட்லாந்திலும் இதேபோல் நூல்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. அரசாங்கம் பதிவேட்டிலிருந்து அழித்த பெயரைக்கூட மக்கள் சொல்லும் கதை காப்பாற்றி வைக்கும். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல ஆளும் வேண்டும், கேட்க ஆளும் வேண்டும்.

ஒரு சர்வேயரிலிருந்து தொடங்குவோம்

செயின், ரேஞ்சிங் ராடு, தியோடலைட் என்று சர்வே படிக்கிற நாம் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர் பெயர் காலின் மெக்கன்சி. 1815-இல் அந்தப் பதவிக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலுக்குள் இருக்கும் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் 1754 வாக்கில் பிறந்தவர். 1783-இல் சென்னைக்கு வந்து, கும்பெனிப் படையில் சேர்ந்து, பின்பு எஞ்சினியர் பிரிவுக்கு மாறினார்.

அவருக்கும் நம் மதுரைக்கும் உள்ள தொடர்பு சுவையானது. லாகரிதத்தைக் கண்டறிந்து 1614-இல் வெளியிட்ட ஜான் நேப்பியர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அவர் வம்சத்தில் வந்த ஒரு பிரபு, நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பினார். அதற்காகப் பழங்கால இந்தியரின் கணித அறிவு பற்றிச் செய்தி திரட்டும் வேலையை இளைஞரான மெக்கன்சியிடம் கொடுத்திருந்தார். அந்தப் பிரபுவின் மகள் அப்போது மதுரையில் குடியிருந்தார். மெக்கன்சி மதுரைக்கு வந்து பண்டிதர்களோடு பழகினார். தென்னாட்டின் வரலாற்றுச் செய்திகளைத் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உண்டானது என்று அந்தக் குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

அதன்பின் அவர் எங்கே நிலம் அளக்கப் போனாலும் ஊர்க் கதையையும் சேர்த்துக் கேட்டு எழுத ஏற்பாடு செய்தார். கல்வெட்டு, ஏடு, பாளையக்காரர் வம்சாவளி, ஊர் வரலாறு சொல்லும் கைபீது எல்லாம் சேர்ந்தன. இந்த வேலையை அவர் தனியாளாகச் செய்யவில்லை. காவலி வேங்கட பொரையா, அவர் தம்பி லட்சுமையா முதலிய நம் நாட்டு உதவியாளர்கள் ஊர் ஊராக நடந்து, மக்களிடம் பேசி எழுதி வாங்கினார்கள். 1821-இல் மெக்கன்சி இறந்த பிறகு அந்தத் தொகுப்பைக் கும்பெனி அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

கும்பெனிக்கு இந்த நாட்டை ஆள்வதற்கும் வரி வாங்குவதற்கும் இந்தச் செய்திகள் தேவைப்பட்டன. அதை நாம் மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் ஒரு சர்வேயர் சங்கிலியோடு நிறுத்தாமல் "இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேட்கச் சொன்னது நாம் படிக்க வேண்டிய பாடம்.

பெயரை அழித்த இரண்டு அரசுகள்

ஸ்காட்லாந்தின் மலைப் பகுதியில் மக்கள் குலம் குலமாக வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பெயர், ஒரு தலைவர், ஒரு நிலம் உண்டு. அவற்றில் மெக்ரெகர் என்று ஒரு குலம். 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு அந்தப் பெயரையே தடை செய்தது. மெக்ரெகர் என்று பெயர் வைத்துக்கொண்டால் மரண தண்டனை! இடையில் கொஞ்ச காலம் தடை நீங்கியது. மறுபடியும் வந்தது. கடைசியாக 1774-இல்தான் முழுவதும் நீங்கியது. அந்தக் குலத்தில் பிறந்த ராப் ராய் என்ற புகழ்பெற்ற வீரர்கூடத் தன் தாய்வழிப் பெயரான கேம்ப்பெல் என்பதைப் போட்டுக்கொண்டு வாழ வேண்டியிருந்தது.

1746-இல் கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் மலைநாட்டுப் படை தோற்றது. உடனே ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டார்கள். ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட உடைக்கும் தடை! நம்ம ஊரில் கைலி கட்டினால் ஜெயில் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? அந்த உடைத் தடை 1782 வரை இருந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தெற்கே தூத்துக்குடி ரோட்டில் போனால், எட்டயபுரம் தாண்டி ஒட்டப்பிடாரம் பக்கத்தில் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாறில் பானர்மன் என்ற கும்பெனி மேஜர் தூக்கிலிட்டார். 1801-இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த கோட்டையை மக்கள் துணையோடு மறுபடியும் எழுப்பினார். அந்தக் கோட்டையும் அந்த ஆண்டு மே மாதம் விழுந்தது. பிறகு கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1801 டிசம்பரில் பாளையப்பட்டு மக்கள் ஆயுதம் வைத்திருக்கவும் தடை வந்தது.

தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கலோடனுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எத்தனையோ ஆயிரம் மைல். ஆண்டு வித்தியாசமோ சுமார் 55. தோற்ற மக்களுக்கு வந்த ஆணை மட்டும் ஒரே மாதிரி: ஆயுதத்தைக் கொடு, பெயரை விடு.

ஆனால் பெயர் போனதா? போகவில்லை. மெக்ரெகர் கதை மலைநாட்டில் வாய்வழியே நடந்தது. கட்டபொம்மன் கதை நம் பக்கத்தில் பாட்டாகவும் கூத்தாகவும் நடந்தது. எழுதத் தெரியாத மக்கள்தான் இரண்டையும் காப்பாற்றினார்கள். 1959-இல் வந்த திரைப்படத்தின் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தப் படத்துக்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பாட்டுகள் இருந்தன. 1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. இன்று அந்தப் பெயர் பஸ் போர்டில் இருக்கிறது!

பாட்டைப் புத்தகம் ஆக்கியவர்கள்

ஸ்காட்லாந்தில் இந்தக் கதைகளை உலகம் அறியச் செய்தவர் வால்டர் ஸ்காட். குழந்தைப் பருவத்திலேயே நோயால் ஒரு கால் ஊனமானவர். உடம்பு தேறட்டும் என்று தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டியும் அத்தையும் சொன்ன எல்லைப்புறச் சண்டைக் கதைகள்தான் அவருக்கு முதல் பள்ளிக்கூடம். வக்கீலான பிறகு கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய கதைப்பாடல்களைச் சேகரித்தார். 1802, 1803 ஆண்டுகளில் அவை மூன்று தொகுதிகளாக வந்தன. 1814-இல் வேவர்லி என்ற நாவலைத் தன் பெயர் போடாமலே வெளியிட்டார். மலைநாட்டு எழுச்சியைப் பற்றிய கதை அது. 1817-இன் கடைசியில் ராப் ராய் நாவல் வந்தது. நெடுங்காலம் தடையில் கிடந்த மெக்ரெகர் பெயரை ஐரோப்பா முழுவதும் வாசித்தது.

ஸ்காட்டுக்குப் பாட்டுச் சொன்னவர்களில் மார்கரெட் லெய்ட்லா என்ற தாயார் ஒருவர். அவர் மகன் ஜேம்ஸ் ஹாக் ஆடு மேய்த்தவர். சில மாதங்களே பள்ளிக்கூடம் போனவர். பின்னாளில் பெரிய எழுத்தாளர் ஆனார். பாட்டுகள் அச்சில் வந்ததும் அந்தத் தாயார் ஸ்காட்டிடம் நேரிலேயே குறை சொன்னாராம். அவை பாடுவதற்காக உள்ளவை, படிப்பதற்கு அல்ல. அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டீர்கள், இனி யாரும் பாட மாட்டார்கள் என்ற பொருளில் பேசியதாக மகனே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அம்மா சொன்னது சரியா தவறா? இரண்டும் உண்டு என்பது என் கருத்து. அச்சில் வந்தால் பாடும் வழக்கம் குறையத்தான் செய்யும். அச்சில் வராவிட்டால் பாடியவர்களோடு பாட்டும் போய்விடும்.

நம் தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). நாங்குநேரியில் பிறந்தவர். கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை முதலியவற்றைப் பதிப்பித்தார். 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டது. 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபின் கதையை அதற்கு முன் பல்கலைக்கழகத்தில் யார் பாடமாக எடுத்தார்கள்? தெருவில் பாடிய பாட்டு என்று ஒதுக்கியதை அவர் ஆராய்ச்சிப் பொருள் ஆக்கினார்.

நம் கரிசலின் புத்தகங்கள்

நமது பாடப் புத்தகத்தில் கரிசல் மண்ணை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? பிரச்சினையான மண்! மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் இருப்பதால் மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் தாங்காது. அண்டர்ரீம்டு பைல் போட வேண்டும். இவ்வளவும் உண்மைதான், தேர்வுக்கும் வரும். ஆனால் அந்த மண்ணில் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளைவித்து மூன்று நூறு, நான்கு நூறு வருசம் பிழைத்த மனிதர்களைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரி இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நாம் கி. ராஜநாராயணனிடம் போக வேண்டும்.

கி.ரா. என்று அழைக்கப்படும் அவர் கோவில்பட்டி அருகே இடைசெவலில் 1923-இல் பிறந்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஒரு சம்சாரி. அதே இடைசெவலில் அதே 1923-இல் பிறந்த நண்பர்தான் எழுத்தாளர் கு. அழகிரிசாமி. இருவருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். ஒரு சின்னக் கரிசல் கிராமத்திலிருந்து இரண்டு பேர்!

1976-இல் வந்த கோபல்ல கிராமம் நாவலை நண்பர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் பயந்து ஓடி வந்த மக்கள், காடாகக் கிடந்த கரிசலில் குடியேறி ஊர் உண்டாக்கிய கதை அது. அதில் பழைய கதையை எடுத்துச் சொல்பவர் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டி. வெள்ளைக்காரன் ஆட்சி அந்த ஊருக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதோடு நாவல் முடிகிறது. அதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்கள் சுதந்திரப் போராட்ட காலத்தைச் சொல்கிறது. அதற்கு 1991-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதி கொண்டுவந்தார். ஸ்காட்லாந்திலும் 1808-இல் ஜான் ஜேமீசன் என்ற பாதிரியார் ஸ்காட்லாந்துப் பேச்சுச் சொற்களுக்கு அகராதி போட்டார். அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் ஊர்ப் பேச்சைக் கேவலமாக நினைத்து, லண்டன் ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எங்க அப்பத்தாவுக்குக் கைநாட்டுதான். சின்ன வகுப்பில் "கம்மாய்" என்று எழுதினால் சிவப்பு மையில் "கண்மாய்" என்று திருத்துவார்கள். "படப்பு" என்று எழுதினால் "வைக்கோல் போர்" என்பார்கள். திருத்தியது தப்பில்லை. ஆனால் வருசம் போகப் போக வீட்டில் பேசுவது எல்லாமே தப்பு என்ற எண்ணம் நமக்குள் ஏறிவிடுகிறது. நாம் படிக்கப் படிக்க வீட்டில் அவர்கள் நம்மிடம் பேசுவது குறைகிறது. "நீ படிச்சவன், ஒனக்குத் தெரியாததா?" என்று சொல்லிக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். படப்பு, தொழு, கமலை, மடை, கலுங்கு என்ற சொற்களெல்லாம் வரிசையாக அச்சில், அகராதியில் இருக்கின்றன என்று சொன்னபோது அப்பத்தா கேட்டது: "இதையெல்லாமா புஸ்தகத்துல போடுவாக?" போடுவார்கள். போட்டிருக்கிறார்கள்.

கி.ரா. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். பட்டம் இல்லாதவரைப் பல்கலைக்கழகம் பேராசிரியர் ஆக்கியது! 2021-இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் உண்டு.

யாருடைய கதை விடுபட்டது?

ஒரு நூல் முழுக் கதையையும் சொல்லிவிடாது. நிலம் வைத்திருந்தவர்கள் பார்வையில் ஒரு கதை, அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள் பார்வையில் வேறொரு கதை. அதனால் கி.ரா.வைப் படித்தவர்கள் பூமணியையும் படிக்க வேண்டும். அவரும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்தான். 1979-இல் வந்த பிறகு நாவலில் செருப்புத் தைக்கும் அழகிரி ஓர் ஊருக்கு வந்து தன் காலத்தைக் கழிக்கிறார். ஊருக்கு அவர் உழைப்பு வேண்டும், ஆனால் அவரை ஒதுக்கித்தான் வைக்கும். 1982-இல் வந்த வெக்கை நாவலை நம்மில் பலர் அசுரன் படமாக 2019-இல் பார்த்திருப்போம். 2012-இல் வந்த அஞ்ஞாடி ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நாவல். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. 2014-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. சாதிக் கலவரத்தை மூடி மறைக்காமல், யாரையும் தூண்டிவிடாமல் எப்படி எழுதுவது என்பதற்கு அது நல்ல பாடம்.

நம் காரியாபட்டி வட்டாரத்திலேயே ஒருவர் இருக்கிறார். மல்லாங்கிணற்றில் 1966-இல் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும் ஊர். கரிசல் பூமியின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய அவருடைய சஞ்சாரம் நாவலுக்கு 2018-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நெடுங்குருதி நாவல், களவுத் தொழில் செய்பவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள் வாழும் வேம்பலை என்ற வறண்ட ஊரைப் பற்றியது.

அந்த முத்திரையின் வரலாற்றை நாம் அறிய வேண்டும். 1871-இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறந்த குழந்தையைக்கூடக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் அது. சட்டத்தை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகே அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆக, பதிவேடு நல்ல பெயரை அழிக்கவும் செய்யும், கெட்ட பெயரை ஒட்டவும் செய்யும். இரண்டுக்கும் பதில் சொல்வது அந்த மக்களின் சொந்தக் கதைதான்.

ஸ்காட்லாந்திலும் இப்படித்தான். 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி தொடங்கி, டேப் ரிக்கார்டரோடு ஊர் ஊராகப் போனார்கள். நாடோடிகள் என்று ஊரார் ஒதுக்கி வைத்திருந்த மக்களிடம்தான் பழைய பாட்டும் கதையும் ஏராளமாகக் கிடைத்தன.

பாட்டும் பதிவேடும்

பாட்டில் இருப்பது எல்லாம் நடந்தது என்று நம்பிவிடலாமா? கூடாது. செயின் சர்வேயில் செக் லைன் ஏன் போடுகிறோம்? முக்கோணம் சரியாக விழுந்ததா என்று வேறொரு கோட்டால் அளந்து பார்க்கத்தான். வரலாற்றுக்கும் அதே விதி. பாட்டில் வீரர்கள் மிகப் பெரியவர்களாக இருப்பார்கள். அதிகாரியின் கடிதத்தில் அதே ஆட்கள் கலகக்காரர்களாக இருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே கைகலப்பில் கும்பெனியின் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். ஜாக்சன் செய்தது முறையல்ல என்று பாட்டுக்காரர் மட்டும் சொல்லவில்லை. கும்பெனி அமைத்த விசாரணைக் குழுவே அவர் மீது குறை கண்டது. ஜாக்சன் பதவி இழந்தார். இங்கே செக் லைன் பொருந்துகிறது. பொருந்தாத இடங்களும் உண்டு. அங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாமல் இரண்டையும் அப்படியே குறித்து வைப்பதுதான் முறை.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஸ்காட்டுக்குக் கதை சொன்னது பாட்டியும் அத்தையும். பாட்டுச் சொன்னது ஹாக்கின் தாயார். கோபல்ல கிராமத்தில் கதை சொல்வது மங்கத்தாயாரு. மெக்கன்சிக்காக ஊர் ஊராக நடந்தது காவலி சகோதரர்கள். அட்டையில் பெயர் வந்தது யாருக்கு, சொன்னவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்!

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் பாதிப் பேர் படிப்பு முடிந்ததும் ஓசூர், கோயம்புத்தூர், ஒரகடம் என்று போய்விடுவோம். பிழைப்புக்குப் போவது தவறல்ல. போவதற்கு முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது. நமக்கு ஃபீல்டு புக் எழுதத் தெரியும். அதே முறையில் ஊர்க் கதையையும் எழுதலாம்.

1. தேதி, ஊர், சொன்னவர் பெயர், வயது ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். சொன்னவர் பெயர் இல்லாத கதை, ஸ்டேஷன் எண் இல்லாத ரீடிங் மாதிரி.

2. எழுதலாமா என்று அனுமதி கேட்க வேண்டும். செல்போனில் பதிவு செய்வதானாலும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

3. அவர்கள் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். "கம்மாய்" என்றால் கம்மாய்தான். புரியாத சொல்லுக்குப் பொருளை ஓரத்தில் குறிக்கலாம்.

4. ஃபீல்டு புக்கில் ரப்பர் போடக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது விதி. இங்கும் அப்படியே. ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும்.

5. ஊரின் ஒரு தெருவில் மட்டும் கேட்டுவிட்டு ஊர்க் கதை என்று சொல்லக் கூடாது. எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். ஒரு சாதியை இழிவாகச் சொல்லும் கதை கிடைத்தால், அந்தச் சாதி மக்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

6. எழுதியதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்ட வேண்டும். மார்கரெட் லெய்ட்லா கோபப்பட்டதற்கு மருந்து இதுதான்.

எதைக் கேட்பது என்று திகைக்க வேண்டாம். புஞ்சைப் பெயர்களிலிருந்து தொடங்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் புல எண் உண்டு, பரப்பு உண்டு, தீர்வை உண்டு. சம்சாரிகள் அந்த எண்ணை வைத்து நிலத்தைச் சொல்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கம்மாய் மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. புலப்படத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் குறித்திருக்காது. அப்பத்தாவைக் கேட்டால் கரை உடைந்த ராத்திரியில் மண்வெட்டியோடு தண்ணீருக்குள் இறங்கித் திரும்பாத ஒரு மனிதர் அவர். தை மாதம் பொங்கல் வைக்கிறவர்கள் இப்போது மூன்று வீட்டார்தான். ரோடு அகலப்படுத்த, கம்மாய் தூர்வார என்று நாளைக்கு அளக்க வருவது நம்மைப் போன்ற ஒரு டிப்ளமோக்காரராகத்தான் இருக்கும். கதை தெரிந்தால் கல்லைச் சுற்றிக் கோடு போடுவார். தெரியாவிட்டால் ஜே.சி.பி.க்கு அது வெறும் கல்.

"டிப்ளமோ படிக்கிறவனுக்குக் கதைப் புத்தகம் எதுக்கு?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

மேலே சொன்ன நூல்களை வாங்க வசதி இல்லாதவர்கள் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகலாம். 2023-இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பகல் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். முதலில் கோபல்ல கிராமம், அடுத்து பிறகு, அதன்பின் சஞ்சாரம் என்ற வரிசையில் படித்தால் எளிதாக இருக்கும்.

மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் "ஊரும் பெயரும்" என்று நான்கு பக்கம் ஒதுக்கித் தாருங்கள். ஆளுக்கு ஒரு கதை, கீழே சொன்னவர் பெயர், அதற்கும் கீழே எழுதியவர் பெயர். காரியாபட்டி, மல்லாங்கிணறு, திருச்சுழி, பந்தல்குடி என்று எத்தனை ஊரிலிருந்து நாம் இங்கே வந்து படிக்கிறோம்! நான் முதல் கதையை எழுதி வைத்துவிட்டேன். உங்கள் கதைக்காகக் காத்திருக்கிறேன். ஊரில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், தோழர்களே!



மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை